எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார்

பிறருக்கு அறம் உரைப்பது எளிது. அவ்வறத்தைத் தம் இல்லத்தில் நிலைநாட்டுவது அரிது. இது தனி மனிதர்க்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் பொருந்தும். உலகப் பெரும்போரில் வென்று வல்லரசாய் உயர்ந்த அமெரிக்க நாட்டிற்கு இவ்வுண்மையை நினைவூட்டி வந்த பெருமாட்டி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் ஆவார்.

எலினார் 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடியொன்றில் தோன்றினார். செல்வம் இருந்தும் இளமையில் இன்பம் இல்லை. எட்டு வயதில் அன்னையை இழந்தார். பத்து வயது நிரம்புமுன் தந்தையையும் இழந்தார். பாட்டியாரின் இல்லத்தில் நாணமும் அச்சமும் மிக்க சிறுமியாக வளர்ந்தார். பதினைந்தாம் வயதில் இங்கிலாந்திலுள்ள பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அங்குத் தலைமையாசிரியராக விளங்கிய மேரி சூவெஸ்டர் என்பார், தாமே சிந்திக்கவும் சிந்தித்ததை அஞ்சாது உரைக்கவும் அவரைப் பழக்கினார். தாயகம் திரும்பிய எலினார், நியூயார்க்கின் ஏழ்மை மிக்க பகுதியில் வாழ்ந்த குடியேறிகளின் குழந்தைகளுக்குத் தொண்டு புரிந்தார்.

1905இல் அவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டை மணந்தார். 1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, வாஷிங்டன் வழியே போர்முனைக்குச் சென்ற வீரர்களுக்கு உணவளித்தும், காயமுற்றோரைக் கண்டு தேற்றியும் பணியாற்றினார். போர் ஓய்ந்தபின் பிரான்சு நாட்டின் போர்க்களங்களை நேரில் கண்டார். போரின் கொடுமை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1921இல் கணவர் இளம்பிள்ளை வாத நோயால் நடக்கும் ஆற்றலை இழந்தார். அதன்பின் கணவருக்குக் கண்ணும் காலுமாக நின்று, பொதுவாழ்வில் துணிந்து புகுந்தார்.

1933இல் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானார். எலினார் அம்மையாரோ மாளிகைக்குள் அடங்கியிருக்கவில்லை. சுரங்கங்களையும் சேரிகளையும் நேரிற் கண்டு, மக்களின் துயரைக் கணவருக்கு எடுத்துரைத்தார். 1939இல் மரியன் ஆண்டர்சன் என்னும் புகழ்பெற்ற இசையரசி, கருப்பினத்தவர் என்ற காரணத்தால் வாஷிங்டனில் ஓர் அரங்கில் பாட இடம் மறுக்கப்பட்டார். அவ்வரங்கிற்கு உரிய மகளிர் சங்கத்தில் அம்மையார் உறுப்பினராக இருந்தார். உடனே அதினின்று விலகினார். பின்னர் ஆபிரகாம் லிங்கனின் நினைவகத்தின் முன் திறந்த வெளியில் நடந்த ஆண்டர்சனின் இசையரங்கில் ஏறத்தாழ 75,000 மக்கள் திரண்டனர்.

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் ஈடுபட்டது. உரிமைக்காகப் போர் புரிவதாகக் கூறிய அந்நாடே, 1942இல் ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்! அம்மையார் இதனை விரும்பவில்லை. எனினும் கணவரின் ஆணையை வெளிப்படையாக எதிர்க்கவும் இயலவில்லை. 1943இல் அரிசோனாவிலுள்ள முகாமுக்குச் சென்று, அங்கு வாழ்ந்தோரின் நிலையை நேரில் அறிந்தார்.

1945 ஏப்ரலில் கணவர் மறைந்தார். தம் பொதுவாழ்வு முடிந்தது என்றே அம்மையார் எண்ணினார். ஆனால் புதிய தலைவர் ட்ரூமன் அவரை ஐக்கிய நாடுகள் அவைக்குப் பேராளராக அனுப்பினார். 1947இல் அவர் மனித உரிமை ஆணையத்தின் தலைவரானார். பதினெட்டு நாடுகளின் பேராளர்கள், பல சமயத்தினர், மாறுபட்ட அரசியல் கொள்கையினர் அங்குக் கூடினர். அவர்களை ஒருமுகப்படுத்துதல் எளிய செயலன்று. அம்மையார் பொறுமையோடு அதனைச் செய்தார். நம் நாட்டின் பேராளராகிய ஹன்சா மேத்தா அம்மையாரின் வற்புறுத்தலால், ஆடவரை மட்டுமே குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல் நீக்கப்பட்டு, இருபாலாரையும் குறிக்கும் சொல் முதற்பிரிவில் அமைந்தது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில், 30 பிரிவுகளைக் கொண்ட உலக மனித உரிமைப் பேரறிக்கை நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. எதிர்த்த நாடு ஒன்றுமில்லை.

ஆயினும் அவருக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. 1947இல் அமெரிக்கக் கருப்பின மக்களின் சங்கமொன்று தம்மவர் படும் இன்னல்களை விளக்கி ஐக்கிய நாடுகள் அவைக்கு விண்ணப்பம் அளித்தது. அம்மையார் அச்சங்கத்தின் ஆட்சிக்குழுவில் இருந்தவர். எனினும் சோவியத் நாடு அதனைத் தன் பிரசாரத்திற்குப் பயன்படுத்தும் என அஞ்சி, அதனை முன்மொழிய இசையவில்லை. அரசின் கொள்கைக்கும் மனச்சான்றுக்கும் இடையே அகப்பட்டோர் நிலை இத்தகையது. ஆயினும் கருப்பின மக்களின் உரிமைக்காக அவர் தம் நாட்டில் இறுதிவரை உழைத்தார்.

அம்மையார் 1962 நவம்பர் 7ஆம் நாள் மறைந்தார். இன ஒதுக்கலைத் தடுக்கும் குடியுரிமைச் சட்டம் 1964இல் அமெரிக்காவில் நிறைவேறியதைக் காண அவர் இல்லை. டிசம்பர் 10ஆம் நாள் இன்றும் மனித உரிமை நாளாகக் கொண்டாடப்படுகின்றது. உரிமை என்பது ஏட்டில் எழுதப்படுவதால் மட்டும் நிறைவுறாது. வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் அதனை ஒருவருக்கொருவர் வழங்குதல் வேண்டும். மாணவர்களே, அச்சம் மிக்க சிறுமி ஒருத்தி உலகோர் போற்றும் பெருமாட்டியாய் உயர்ந்த வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.