பாற்கடல் கண்ட திரிபுவனதாஸ்

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், காப்பி இல்லாத காலைப் பொழுதை நினைத்தும் பார்ப்பதில்லை. அக்காப்பிக்கு வேண்டிய பால் நம் வாயிலுக்கு வருவதன் பின்னே உழவர் பெருமக்களின் ஒற்றுமை நிற்பதைச் சிலரே அறிவர். அவ்வொற்றுமைக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான திரிபுவனதாஸ் படேல் அவர்களின் வரலாற்றைச் சங்க அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகின்றோம்.

குஜராத்தில், அந்நாளைய கைரா மாவட்டத்தைச் சேர்ந்த ஆனந்த் என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அவர் பிறந்தார். காந்தியடிகளையும் சர்தார் வல்லபாய் படேலையும் வழிகாட்டிகளாகக் கொண்டு, 1930இல் உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் சிறை புகுந்தார்.

கைரா உழவருள் பலர் ஒன்றிரண்டு எருமைகளே உடையவர்கள். 1945இல் பம்பாய் மாகாண அரசு, ஆனந்திலிருந்து 427 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. கொள்முதல் உரிமை பால்சன் நிறுவனத்திற்குக் கிடைத்தது. நகரில் பாலுக்கு நல்ல விலை இருந்தும், கிராமத்தில் இடைத்தரகர் வைத்ததே விலையாயிற்று. கறந்த பால் காத்திராது. ஆகவே பேரம் பேச உழவனுக்கு வழியில்லை.

உழவர்கள் சர்தாரிடம் முறையிட்டனர். தங்கள் பாலைத் தாங்களே கூட்டுறவின் மூலம் விற்க வேண்டும், நட்டம் வரினும் தாங்க வேண்டும் என அவர் அறிவுறுத்தி, மொரார்ஜி தேசாயை அனுப்பி வைத்தார். 1946 ஜனவரி 4ஆம் நாள் சமர்கா கிராமத்தில் கூடிய கூட்டம், ஊர்தோறும் சங்கம் அமைத்து அவற்றை ஓர் ஒன்றியமாக இணைக்கவும், அரசு அவ்வொன்றியத்திடமே பால் வாங்க வேண்டுமெனவும் தீர்மானித்தது. அரசு மறுத்தது. உழவர்கள் பதினைந்து நாட்கள் பால் விற்க மறுத்தனர். பால் காசை நம்பி அடுப்பு மூட்டும் வீடுகளுக்கு அது எத்துணைப் பெரிய சோதனை என்பதை இல்லறத்தார் உணர்வர். சிலர் மறைவாக விற்கத் தொடங்கியிருப்பினும் எல்லாம் பாழாகியிருக்கும். ஒற்றுமை குலையவில்லை, அரசு இணங்கியது.

திரிபுவனதாஸ் ஊர் ஊராகச் சென்று சங்கங்களை அமைத்தார். 1946 டிசம்பர் 14ஆம் நாள் ஒன்றியம் பதிவாயிற்று; அவரே தலைவரானார். 1948 ஜூனில் இரண்டே சங்கங்களுடனும், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுடனும் பணி தொடங்கியது. அப்பாலைப் பம்பாய்க்குச் சுமந்து சென்றது ரயிலே என்பதில், ரயில்வே ஊழியராகிய நமக்கும் சிறிது பெருமை உண்டு. அவ்வாண்டின் முடிவிற்குள் உழவர் 432 பேராகவும், பால் 5,000 லிட்டராகவும் பெருகின.

காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து, அதற்கேற்ற விலை தந்தனர். பல எருமை உடையவருக்கும் ஓர் எருமை உடையவருக்கும் ஒரே வாக்கு. எச்சாதியினராயினும் முன் வந்தவர் வரிசையில் முன் நின்றார்.

சென்னையில் பயின்ற கேரள இளைஞர் வர்கீஸ் குரியன் 1949இல் அரசுப் பணிக்காக ஆனந்திற்கு வந்தார். அவ்வூரை விட்டுப் புறப்படவிருந்த அவரைத் தடுத்து, ஒன்றியத்தின் நிர்வாகத்தை நம்பிக்கையுடன் ஒப்படைத்தவர் திரிபுவனதாஸ். குளிர்காலத்தில் மிகுந்த பாலைப் பொடியாக்கும் ஆலையை 1955இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அமுல் என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. நம் தமிழகத்து ஆவின் இணையமும் 1981இல் இவ்வழியிலேயே அமைந்தது.

1963இல் குரியன் முதலியோருடன் மகசேசே விருது பெற்ற அவர், எழுபதுகளில் தலைமைப் பதவியிலிருந்து தாமே விலகினார். உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரூபாய் திரட்டிப் பல லட்சம் ரூபாயைப் பணமுடிப்பாக அளித்தனர். அதில் ஒரு காசும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், கிராமத்துத் தாய்மார், குழந்தைகளின் நலத்திற்கான அறக்கட்டளைக்கே அதனை வழங்கினார். 1994 ஜூன் 3ஆம் நாள் மறைந்தார்.

அன்று திரண்டது ஆளுக்கு ஒரு ரூபாய். முன்பு திரண்டதும் ஆளுக்கு ஒரு செம்புப் பாலே. சிறு சந்தாவால் சங்கம் நடத்தும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேறு வேண்டுமோ?