எடிசனும் ஈயக் கம்பியும்

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் மின்விளக்குதான் நம் நினைவுக்கு வருகிறது. அவ்விளக்குக்குக் காவல் நின்ற சிறு கம்பியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்து மிலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளியில் பயின்றது சில மாதங்களே. அன்னை நான்சியே அவருக்கு ஆசிரியை. இரயிலில் செய்தித்தாள் விற்றார். பின் தந்தி வேலையில் சேர்ந்தார். இளமையிலேயே காது மந்தமாயிற்று.

1879ஆம் ஆண்டின் இறுதியில் மென்லோ பார்க் என்னுமிடத்தில் வீடுகளிலும் தெருவிலும் தம் விளக்குகளை எரியவிட்டார். கண்டோர் வியந்தனர். அவருக்கோ வேறு கவலை. இரு கம்பிகள் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் பன்மடங்காகிக் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும், வீடே தீப்பற்றலாம். எனவே, மின்சாரம் செல்லும் வழியில் ஒரு மெல்லிய துண்டுக் கம்பியை வைத்தார். ஆபத்து வந்தால் முதலில் அது உருகி அறுந்துவிடும், மின்சாரமும் நின்றுவிடும். 1880 மே மாதம் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதற்கு ஈயம் ஏற்றதாயிற்று. செம்பு உருக 1085 டிகிரி வெப்பம் வேண்டும். ஈயத்திற்கு 327 டிகிரி போதும். நம் வீட்டில் அப்பா பியூஸ் கட்டையைக் கழற்றிக் கம்பி கட்டுகிறாரே, அதன் முன்னோர் இதுவே.

அந்நாளில் நியூயார்க் தெருவிளக்குகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தலைக்கு மேலே சென்றது. 1889இல் தந்திக் கம்பத்தில் ஏறிய தொழிலாளி ஒருவர், ஊரார் கண்ணெதிரே மின்சாரம் தாக்கி மாண்டார். எடிசனோ 1882 செப்டம்பர் 4ஆம் நாள் தொடங்கிய பேர்ல் தெரு மின்நிலையத்திலிருந்து, 110 வோல்ட் மின்சாரத்தையே மண்ணுக்கடியில் அனுப்பினார். அதுவும் ஒரு தெருமுனையில் கசிந்தது. அவ்வழியே வந்த குதிரைகள் துள்ளிக் குதித்தன! சிறு கசிவுக்குப் பியூஸ் உருகாது. அதனால்தான் இக்காலத்தில் விளக்குக் கம்பத்திற்கு எர்த்தும் கொடுக்கிறார்கள்.

எடிசனின் எல்லாச் செயலும் எங்களுக்கு உவப்பில்லை. போட்டியாளரின் மாறுமின்னோட்டம் கொடியது என்று காட்ட, 1888இல் தம் ஆய்வுக்கூடத்தில் நாய்களைக் கொல்ல இடமளித்தார். அப்போட்டியிலும் அவர் வெல்லவில்லை.

1931 அக்டோபர் 18ஆம் நாள் எடிசன் காலமானார். அஞ்சலியாக நாடெங்கும் மின்சாரத்தை ஒரு நிமிடம் நிறுத்தலாமா என்று ஆலோசித்தனர். உயிருக்கு ஆபத்து நேரும் என்று அதைக் கைவிட்டு, விருப்பமுள்ளோர் விளக்கை மட்டும் அணைத்தனர்.