கையில் மணி, வாயில் பிழைத் தமிழ்: பிள்ளைகளை நம்பிய சவேரியார்

பூச்சோங், டிச. 3 – பூச்சோங் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில், லயத்து வீடுகளில் குடியிருந்த கத்தோலிக்கத் தமிழர்களுக்குக் கோயில் பக்கத்தில் இல்லை. அன்றாடச் செபம் வீட்டில்தான். விளக்கேற்றும் நேரத்தில் பாட்டியோ அம்மாவோ மாதா படத்துக்கு முன் பிள்ளைகளை உட்கார வைத்து, பிஞ்சுக் கையைப் பிடித்து நெற்றியில் சிலுவை அடையாளம் போடக் கற்றுக் கொடுப்பார்கள். தமிழர் வீடுகளில் இந்த வழக்கம் தொடங்கிய கதையைத் தேடினால் ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன் போக வேண்டும். அங்கே நிற்பவர், இன்று திருநாள் காணும் புனித பிரான்சிஸ் சவேரியார். நம்மிடையே சவரிமுத்து, சேவியர் என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாம் இவர் பெயரைத் தாங்கியவர்கள்தான்.

சவேரியார் 1506 ஏப்ரல் 7-ஆம் தேதி, இன்றைய ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில், சேவியர் என்ற கோட்டை வீட்டில் பிறந்தார். தாய்மொழி பாஸ்க். பாரிசில் படித்தபோது லொயோலா இஞ்ஞாசியாரைச் சந்தித்தார். 1534-இல் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்த அறுவரில் இவரும் ஒருவர். அந்தச் சிறு கூட்டமே பின்னர் இயேசு சபை ஆனது. 1541-இல் லிஸ்பனில் கப்பல் ஏறியவர், 13 மாதம் கழித்து 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையிலான அந்தக் கரையில், சில ஆண்டுகளுக்கு முன்பே சுமார் 20,000 பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். கடல் தொழிலில் எழுந்த மோதலின்போது போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியதன் விளைவு அது. தண்ணீர் ஊற்றியவர்கள் போய்விட்டார்கள், சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. நீங்கள் யார் என்று கேட்டால் கிறிஸ்தவர் என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. கோவாவிலிருந்து கூட வந்த மூன்று தமிழ் மாணவர்களையும், ஊரில் இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களையும் உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை என்று ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். பிறகு அதைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் ஒரு மணியோடு தெருவில் இறங்கினார். மணியை ஆட்டினால் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். தினமும் இரண்டு வேளை பாடம். அங்கே படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா, அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரியவர் சிறியவருக்குச் சொல்லித் தருவதுதான் உலக வழக்கம். இவர் அதைத் தலைகீழாக்கினார்.

பிள்ளைகள் அவரைச் சாப்பிடவும் தூங்கவும் விடாமல் புதுச் செபம் கேட்டு நச்சரித்தார்கள் என்று அவரே தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். நோயாளிகளைப் பார்க்க வரச் சொல்லி ஊர் ஊராக ஆள் வரும். எல்லா வீட்டுக்கும் போக முடியாதபோது, செபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பி வைப்பார். அவர்கள் போய் வீட்டாரைக் கூட்டி, நோயாளியின் அருகில் நின்று செபம் சொல்லிவிட்டு வருவார்கள்.

அந்தத் தமிழில் பிழை இல்லாமல் இல்லை. நம்புகிறேன் என்று வர வேண்டிய விசுவாசப் பிரமாணத்தில் வேணும் என்ற சொல் புகுந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, கடவுள் எனக்கு வேணும் என்று ஒரு கரையே சொல்லிக்கொண்டிருந்தது! 1544-இல் பிழையைக் கண்டதும், உடன் உழைத்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. வீட்டில் பழைய தெய்வங்களை யாராவது கும்பிட்டால் வந்து சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்கினார். அவர்கள் சிலைகளை உடைத்ததையும் அவமதித்ததையும் பெருமையாகவே எழுதி வைத்தார். பெற்ற தாய் தந்தைக்கு எதிராகவே பிள்ளைகளை நிறுத்திய காரியம் அது. பல சமயத்தாரும் ஒரே அடுக்ககத்தில் வாழும் இன்றைய பூச்சோங்கில் இதைப் படிக்கும் எவருக்கும் மனம் உறுத்தும். அக்கால ஐரோப்பாவில் இது தவறாகத் தெரியவில்லை என்பது விளக்கமாகுமே தவிர, நியாயமாகாது.

அதே மனிதர்தான் அந்த மக்களுக்காக உயிரைப் பணயம் வைத்தார். 1544 ஜூன் மாதம் வடுகர் படை கரையோர ஊர்களைச் சூறையாடியது. மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளைப் போகவிடவில்லை. கரைக்குத் திரும்பியவர், நடந்தே போய்ச் சேர்ந்தார்.

ஊர்தோறும் செபங்களின் பிரதி ஒன்றை விட்டு வைத்து, கற்பிக்கக் கணக்கப்பிள்ளை ஒருவரையும் நியமித்தார். அவர்களின் சம்பளத்துக்காக, போர்த்துகல் ராணியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கிய 4,000 பணத்தைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றுத் தவறுகளைத் திருத்தினார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 16 பக்கத் தம்பிரான் வணக்கம், அவர் தமிழாக்கிய ஞானோபதேச நூல்தான். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைக்கும் முதல் நூல் அது.

1545 செப்டம்பரில் சவேரியார் நம் மலாக்காவுக்கு வந்தார். இங்கேயும் அதே மணி, அதே பிள்ளைகள். செபங்களை மலாய் மொழியில் ஆக்கப் பெரும்பாடு பட்டார். மலாக்காவிலிருந்து மலுக்குத் தீவுகளுக்குப் போனார். 1549-இல் ஜப்பான் கரையில் இறங்கினார். சீனாவுக்குப் போகும் வழியில், 1552 டிசம்பர் 3-ஆம் தேதி சாங்சுவான் தீவில் 46 வயதில் இறந்தார். அடுத்த மார்ச்சில் உடல் மலாக்காவுக்கு வந்து, மலைமேல் கோயிலில் அடக்கமானது. பிறகு கோவாவுக்குக் கொண்டு போகப்பட்டது. 1622-இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

பூச்சோங்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் அந்தச் செயின்ட் பால் மலைக்குப் போய்விடலாம். கூரையில்லாத கோயிலுக்குள், கம்பிவலை போட்ட வெற்றுக் குழி இருக்கிறது. வெளியே நிற்கும் வெள்ளைச் சிலைக்கு வலக்கை இல்லை. ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மரம் விழுந்து உடைந்தது என்பது மலாக்காவில் சொல்லப்படும் செய்தி. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த உண்மையான வலக்கையும் கோவாவில் உடலோடு முழுதாக இல்லை. 1614-இல் முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்து ரோமுக்கு அனுப்பப்பட்டது. இன்றும் அங்கே ஜேசு ஆலயத்தில்தான் இருக்கிறது.