இடக்கை வீரர்

வெற்றி பெற்ற வீரர்களின் வரலாறுகள் பல உண்டு. ஆனால், தேர்ச்சி பெற்றபின் மீண்டும் அரிச்சுவடிக்கே திரும்பிய ஒருவரின் வரலாறுதான் என் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் அங்கேரி நாட்டுக் கைத்துப்பாக்கி வீரர் கரோலி தக்காச்.

1910-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார் தக்காச். இராணுவத்தில் சேர்ந்து, குறி தவறாத வீரர் எனப் பெயர் பெற்றார். எனினும், 1936-ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிட்டவில்லை. அதிகாரிகளுக்கே இடம் என்பது அன்றைய விதி, அவரோ சார்ஜெண்ட். அவ்விதி பின்னர் நீங்கியது. ஆனால், 1938-இல் பயிற்சியின்போது பழுதான கையெறிகுண்டு ஒன்று வெடித்து, அவருடைய வலக்கையைச் சிதைத்தது. சுடும் கை அதுதான்!

ஒரு திங்கள் மருத்துவமனையில் கிடந்தவர், வெளியே வந்ததும் யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பயிலத் தொடங்கினார்.

இது எளிய செயலா? தேசிய மாணவர் படைப் பயிற்சியில் நான் ரைஃபிளால் படுத்துச் சுட்டிருக்கிறேன். இரு கைகளும் தரையும் தாங்கும்போதே, மூச்சு சற்று அசைந்தால் குறி விலகுகிறது. அவரது போட்டியிலோ, நின்றபடி ஒரு கையை நீட்டிச் சுடவேண்டும். 25 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள். அவற்றுக்கு ஐந்து குண்டுகள். முதலில் 8 விநாடி, பிறகு 6, இறுதியில் 4 விநாடிதான் அவகாசம். மணிக்கட்டின் உறுதியையும், விசையை அழுத்தும் விரலின் மென்மையையும் புதிய கைக்கு ஒவ்வொன்றாகக் கற்பித்தார். மறு ஆண்டே, 1939-இல், அங்கேரியின் தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றார்!

உலகப்போர் மூண்டதால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. பத்தாண்டுக் காத்திருப்புக்குப்பின், 1948-இல் இலண்டனுக்குச் சென்றபோது அவருக்கு வயது 38. எதற்கு வந்தீர் என்று அர்ஜென்டினாவின் உலக வீரர் வாலியெந்தே வினவ, கற்றுக்கொள்ள வந்தேன் என்று பணிவுடன் விடையிறுத்தாராம். 600-க்கு 580 புள்ளிகள் எடுத்து, உலக சாதனையுடன் தங்கம் வென்றார். வாலியெந்தேக்கு இரண்டாம் இடம். 1952-இல் ஹெல்சிங்கியில் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் மீண்டும் தங்கம். 1976 சனவரி 5-ஆம் நாள் மறைந்தார்.

பள்ளியில் தமிழ்வழியில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலை எழுத்துக்கூட்டிப் படிக்கும் தோழர்கள் நம்மிடையே பலர். அதில் வெட்கம் எதற்கு? கற்ற கையை இழந்தாலும், கற்கும் முறையை அவர் இழக்கவில்லை. நாமும் இழக்கவில்லை. தொடங்குவோம், நண்பர்களே!