நோயுற்ற உடலும் பகுத்தறிவுக் குரலும்: எம்.ஆர். ராதாவின் வாழ்வில் இரத்தக்கண்ணீரும் நாடகத் தடையும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடக வரலாற்றில் அரசின் தடைக்கும் கைதுக்கும் மிகுதியாக உள்ளான கலைஞர்களுள் எம்.ஆர். ராதா (1907–1979) முதன்மையானவர். அவரைத் தமிழகமெங்கும் நிலைநிறுத்திய படைப்பு இரத்தக்கண்ணீர். மேடையில் ஆயிரக்கணக்கான முறை நிகழ்த்தப்பட்டுப் பின்னர் 1954இல் திரைப்படமான இப்படைப்பு, தொழுநோயால் சிதையும் உடலைக் காட்டிப் பார்வையாளரை அச்சுறுத்தியது; அவ்வுடலின் வாயிலாகவே சமுதாயத்தை எள்ளியும் நகைத்தது. பேயோ பூதமோ இல்லாத தமிழ்ப்படங்களில் அச்சச்சுவையை இத்துணை நெருக்கமாகக் கையாண்டது வேறில்லை எனலாம்.

ராதாவின் வாழ்க்கை பழைய செங்கற்பட்டு மாவட்டத்தோடு பல இடங்களில் தொடர்புடையது. அவர் சார்ந்த இயக்கத்தின் முதல் மாகாண மாநாடும், அவர் நடித்துக் காட்டிய நோய்க்கான முன்னோடி மருத்துவமும், அவர்மீதான குற்ற வழக்கின் தீர்ப்பும் அம்மாவட்டத்திலேயே நிகழ்ந்தன. அதன் தென்பகுதியான செய்யூர் வட்டாரத்தில் 1955இல் தொடங்கிய தொழுநோய்ப் பணியை இரத்தக்கண்ணீரோடு சேர்த்து நோக்கும்போது, அப்படைப்பின் சமுதாய விமர்சனத்தின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படுகின்றன. இவ்விரண்டையும் ராதாவின் வாழ்வின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் நாடகப் பயிற்சியும்

மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்னும் பெயரின் சுருக்கமே எம்.ஆர். ராதா. சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் 1907 ஏப்ரல் 14ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை படைவீரர்; முதல் உலகப்போரில் உயிரிழந்தார். தாயிடம் மீன் துண்டு ஒன்றுக்காகப் பிணங்கிக்கொண்டு சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறியதாக ராதா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஆலந்தூர் ரங்கசாமி நாயுடுவின் நாடகக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆலந்தூர் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகும்.

பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களே அக்கால நடிகர்களின் கல்விக்கூடங்கள். உணவும் உறைவிடமும் தந்து, பாட்டும் வசனமும் அடவும் கற்பித்து, ஊர் ஊராக அழைத்துச் சென்றன. ராதா அங்கு நடிப்போடு மேடையின் தொழில்நுட்பங்களையும் கற்றார். மின்னமைப்பிலும் வண்டி ஓட்டுவதிலும் அவருக்கு இருந்த தேர்ச்சி நாடகக் காட்சியமைப்புக்குத் துணைநின்றது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவிலும் அவர் பணியாற்றினார். 1937இல் வெளிவந்த ராஜசேகரன் வழியாகத் திரையுலகில் நுழைந்த அவர், பம்பாய் மெயில் (1939), சத்தியவாணி (1940) முதலிய படங்களில் நடித்தபின் நெடுங்காலம் திரையை விட்டு விலகி மேடைக்கே திரும்பினார்.

சுயமரியாதை மேடை

ராதா நாடகக் குழுக்களில் வளர்ந்த ஆண்டுகளில்தான் சுயமரியாதை இயக்கமும் வளர்ந்தது. அதன் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடியது. சாதிப் பட்டங்களைத் துறத்தல், பெண்களுக்குச் சொத்துரிமை, மணமுறிவு உரிமை, விதவை மறுமணம் ஆகியவை அங்கு விவாதிக்கப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குள் இக்கருத்துகளே ராதாவின் நாடகங்களுக்குப் பொருளாயின. இழந்த காதல், விதவையின் கண்ணீர், லட்சுமிகாந்தன், போர்வாள், மு. கருணாநிதி எழுதிய தூக்குமேடை ஆகியவற்றால் பெரியாரின் கருத்துகளை மேடையேற்றும் நடிகவேள் என அவர் அறியப்பட்டார்.

அவர் நடிப்பின் தனித்தன்மை, எழுதப்பட்ட வசனத்திற்குக் கட்டுப்படாமையாகும். அன்றைய செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சியை அன்றிரவே மேடையில் எள்ளலாக்குவார். பார்வையாளர் கூச்சலிட்டால் கதைமாந்தராக நின்றே விடை கூறுவார். கரகரத்துத் தொடங்கித் திடீரென உச்சத்துக்கு ஏறும் குரல் அவரது முத்திரை. மனம் புண்படக் கூடியவர்கள் வரவேண்டா என்று விளம்பரத்திலேயே எச்சரிப்பதும் அவர் வழக்கம். அவ்வெச்சரிக்கை கூட்டத்தைக் குறைக்கவில்லை, பெருக்கியது.

இரத்தக்கண்ணீரின் உருவாக்கம்

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இரத்தக்கண்ணீர் 1940களின் இறுதியில் மேடையேறியது. இதனை நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் தயாரிக்க, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். இதே தயாரிப்பாளரும் இயக்குநர்களும் உருவாக்கிய பராசக்தி (1952), தடைசெய்ய வேண்டும் என்னும் கிளர்ச்சியை எதிர்கொண்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன.

வெளிநாட்டில் படித்துத் திரும்பும் செல்வர் மோகனசுந்தரம், தாயையும் ஊராரையும் இகழ்கிறான். மனைவி சந்திராவைப் புறக்கணித்துக் காந்தா என்னும் பொதுமகளிடம் வாழ்கிறான். தாய் இறந்தபோதும் அவன் மனம் இளகவில்லை. தொழுநோய் பற்றிச் செல்வமும் பார்வையும் இழந்தபின் காந்தாவால் துரத்தப்படுகிறான். தெருவில் இரந்து திரியும் அவன் இறுதியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மணம்செய்து வைத்து இறக்கிறான். அவன் விருப்பப்படியே அவனது நோயுற்ற உருவம் பிறருக்குப் பாடமாகச் சிலையாக்கப்படுகிறது. ஸ்ரீரஞ்சனி சந்திராவாகவும், எம்.என். ராஜம் காந்தாவாகவும், எஸ்.எஸ். ராஜேந்திரன் பாலுவாகவும் நடித்தனர்.

கதையளவில் இது பழைய ஒழுக்கக் கதையே. கணிகையால் கெட்ட கணவன், கற்பில் வழுவாத மனைவி என்னும் அமைப்பு தமிழ் மரபில் சிலப்பதிகாரக் காலந்தொட்டு வருவது. ஆயினும் ராதாவின் நடிப்பு கதையின் ஈர்ப்புமையத்தை இடம்மாற்றியது. உடல்நலத்தோடு இருந்தபோது மோகனசுந்தரத்தின் பேச்சு செருக்கு மட்டுமே. விரல்கள் மடங்கி, முகம் திரிந்து, கந்தல் சுற்றிக் கோலூன்றி வரும்போதுதான் அவன் பேச்சில் அறிவு கூர்மையடைகிறது. மதம், சாதி, செல்வர்களின் போலி அறம், ஏமாற்று வைத்தியம் எல்லாம் அவன் நாவுக்கு இரையாகின்றன. சி.எஸ். ஜெயராமன் பாடும் துயரப்பாடலுக்கு இடையிடையே ராதா பேசும் சொற்கள், அழவேண்டிய இடத்தில் சிரிப்பையும் சிரிக்கவேண்டிய இடத்தில் நடுக்கத்தையும் எழுப்புகின்றன. தெருவில் கண்டால் முகம் திருப்பும் ஒருவனை அரங்கில் கண்ணெடுக்காமல் பார்க்கவும் செவிசாய்க்கவும் பார்வையாளர் கட்டாயப்படுத்தப்படுகின்றனர். படத்தின் சமுதாய விமர்சனத்தினுடைய ஆற்றல் இதில்தான் உள்ளது.

உலகத் திரைப்பட வரலாற்றில் இதற்கு ஓர் இணை உண்டு. அமெரிக்க இயக்குநர் டாட் பிரௌனிங் 1932இல் எடுத்த ஃப்ரீக்ஸ், உடற்குறையுடைய உண்மையான காட்சிக்கலைஞர்களை நடிக்கவைத்த திகில்படம். பிரிட்டனில் அது ஏறத்தாழ 30 ஆண்டுகள் தடைசெய்யப்பட்டது; அமெரிக்காவில் அதிர்ச்சியை விற்கும் மலிவுப்படமாக ஊர் ஊராகத் திரையிடப்பட்டது; 1960களில் மதிப்புமிக்க படைப்பாக மீட்கப்பட்டது. பிரௌனிங்கும் இளமையில் வீட்டைவிட்டு ஓடி ஊர்சுற்றும் காட்சிக் குழுக்களில் தொழில் கற்றவர். விலக்கப்பட்டோரின் பக்கம் நின்று இயல்பானோரின் கொடுமையைச் சுட்டுவதும், அதே வேளையில் அவர்தம் உடலையே அச்சப்பொருளாக்குவதும் இரு படைப்புகளுக்கும் பொதுவான முரண்பாடாகும்.

தடையும் சட்டமும்

இரத்தக்கண்ணீர் திரைப்படம் தடைசெய்யப்படவில்லை. அரசின் சினம் ராதாவின் மேடைமீதே இருந்தது. 1954இல் அவர் நிகழ்த்திய இராமாயணம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. இராமனைக் காவிய நாயகனாக அன்றி விமர்சனத்துக்குரிய மாந்தனாகக் காட்டிய அந்நாடகத்துக்காக அவர் கைதானார். 1876ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம் போதாதெனக் கருதப்பட்டு, 1954இல் சென்னை நாடக நிகழ்த்துகைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்சேபத்துக்குரிய நாடகங்களைத் தடைசெய்யவும், நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டுப் பெறவும் அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. ராதாவை மனத்தில் கொண்டே அச்சட்டம் பிறந்தது என்பது நாடக வரலாற்றாசிரியர்களிடையே நிலவும் கருத்து. அதன் முதன்மையான பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல்தான்.

இச்சட்டம் எதைக் கண்டு அஞ்சியது என்பது கருதத்தக்கது. வன்முறையைத் தூண்டல், மத உணர்வைப் புண்படுத்தல், ஆபாசம் ஆகியவை ஆட்சேபத்துக்குரியனவாக வரையறுக்கப்பட்டன. நோயுற்ற மக்களைக் கேவலப்படுத்தல் அவ்வரையறையில் இல்லை. இராமன் எள்ளப்பட்டதை அரசு குற்றமாகக் கண்டது. தொழுநோய் தீயொழுக்கத்தின் தண்டனையாகக் காட்டப்பட்டதை அரசும் எதிர்ப்பாளரும் பகுத்தறிவாளரும் குறையாகவே காணவில்லை.

செய்யூர் வட்டாரத்தின் மறுமொழி

தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை நார்வே மருத்துவர் ஹான்சென் 1873இலேயே கண்டறிந்தார். ஒழுக்கத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்பில்லை. அது பரம்பரையாக வருவதும் அன்று. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924 முதல் இயங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேன் போன்றோர் ஆய்வு நடத்தினர். சல்போன் வகை மருந்துகள் 1940களில் அங்குப் பயன்படுத்தப்பட்டன. இரத்தக்கண்ணீர் மேடையில் புகழ்பெற்ற ஆண்டுகளிலேயே இந்நோய் குணப்படுத்தத்தக்கதாக மாறிக்கொண்டிருந்தது. 1955இல் திருமணி நிறுவனம் நடுவண் அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று.

அதே 1955இல் செய்யூர் வட்டாரத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் ஒரு தொழுநோய் மையத்தைத் தொடங்கினார். நோயாளரை ஊரிலிருந்து பிரித்து அடைத்துவைக்கும் முறையை அவர் கைவிட்டார். சாலையோர மரத்தடிகளில் குறித்த நாளில் மருத்துவக் குழு வந்து மாத்திரை வழங்கியது. நோயாளர் தம் வீட்டிலேயே தங்கித் தம் வேலையைச் செய்துகொண்டே மருந்து உட்கொண்டனர். அவருக்குப்பின் கிளேர் வெலூ என்னும் மருத்துவர் அப்பணியைப் பல்லாண்டுகள் தொடர்ந்தார். மோகனசுந்தரத்தை வீட்டிலிருந்து தெருவுக்குத் துரத்திய நோய், பொலம்பாக்கத்து மரத்தடியில் வீட்டிலிருந்தே தீர்க்கும் நோயாயிற்று.

ஆனால் சமுதாயமும் சட்டமும் மருத்துவத்தின் பின்னால் மிக மெதுவாகவே வந்தன. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக ஏற்றது. அது நீக்கப்பட்டது 2019இல். மருந்து கிடைத்தபின்னும் நோயாளர் பலர் அதனை மறைத்தமைக்கு அச்சமும் வெட்கமுமே காரணங்கள். அவ்வெட்கத்துக்கு அடிப்படையான வினைப்பயன் நம்பிக்கையை, வினைக்கொள்கையையே மறுத்த இயக்கத்தின் புகழ்பெற்ற நாடகம் தன்னையறியாமல் உறுதிப்படுத்தியது. அதே நாடகம் அந்நோயாளிக்குத் தமிழ் மேடையில் அதற்குமுன் இல்லாத அறிவும் குரலும் தந்தது என்பதும் மறுக்கவியலாதது.

செங்கற்பட்டு நீதிமன்றமும் இறுதிக்காலமும்

இரத்தக்கண்ணீரின் வெற்றி ராதாவைத் திரைக்கு மீட்டது. பாவமன்னிப்பு (1961), பலே பாண்டியா (1962), கற்பகம் (1963) முதலியவற்றில் வில்லனாகவும் நகைச்சுவையாளராகவும் அவர் விளங்கினார். 1967 ஜனவரி 12ஆம் நாள் இராமாவரம் தோட்ட இல்லத்தில் எம்.ஜி. இராமச்சந்திரன் சுடப்பட்டார், ராதாவும் குண்டுக்காயம் அடைந்தார். இருவரும் உயிர்பிழைத்தனர். வழக்கு செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடைபெற்று, அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ராதாவுக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு 1971இல் அவர் விடுதலையானார். மேடைக்காக அவர் பெற்ற முந்தைய சிறைவாசங்களோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. அவை கருத்துக்காக, இது கொலைமுயற்சிக்காக. வாழ்க்கை வரலாறுகள் இவ்வேறுபாட்டை மங்கவிடுதல் முறையன்று.

செங்கற்பட்டு மாவட்டம் நாவலூரில் பிறந்த எழுத்தாளர் விந்தன், சிறைமீண்ட ராதாவைச் சந்தித்து எழுதிய சிறைச்சாலைச் சிந்தனைகள் அவர் வாழ்வுக்குரிய முதன்மைச் சான்றாக இன்றும் விளங்குகிறது. இறுதிவரை நாடகம் நடத்திய ராதா, 1979 செப்டம்பர் 17ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் மறைந்தார். அன்று பெரியாரின் நூறாம் ஆண்டுப் பிறந்தநாள். சென்னைப் பெரியார் திடலில் உள்ள அரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

ராதாவின் கலை, பார்க்க மறுப்பதைப் பார்க்கவைக்கும் கலை. அதற்கு அவர் தேர்ந்த கருவி அச்சம். அவ்வச்சம் மதத்தையும் செல்வத்தையும் நோக்கித் திரும்பியபோது அரசு சட்டமியற்றித் தடுத்தது. நோயாளரை நோக்கித் திரும்பியபோது தடுப்பார் எவருமிலர். தடையின் வரலாற்றை எழுதும்போது, தடைசெய்யப்பட்ட சொற்களோடு எவராலும் தடுக்கப்படாத உருவங்களையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதை இரத்தக்கண்ணீர் உணர்த்துகிறது. பொலம்பாக்கத்து மரத்தடியில் மாத்திரைக்குக் காத்திருந்தோர் தங்கள் நோயைப் பற்றிய தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற படத்தை எவ்வாறு கண்டிருப்பர் என்னும் வினா, தமிழ்த் திரையாய்வு இனி மேற்கொள்ளவேண்டிய களப்பணிக்குரியது.