கிருமியின் வீடு தேடிய வைத்தியர்

நோயாளியின் உடலில் கிருமியைத் தேடியவர்கள் பலர். நோயாளி இல்லாத காலத்தில் அதே கிருமி எங்கே இருக்கிறது என்று விடாமல் தேடியவர் ரொபர்ட் கொக். கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில், கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கமாக இருக்கும் ஊரில் வாழும் எனக்கு, அவருடைய மற்றச் சாதனைகளை விட இந்தத் தேடல்தான் பெரிதாகத் தெரிகிறது.

1843 டிசம்பர் 11 இல் ஜேர்மனியில் கிளவ்ஸ்தால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்து, 1872 இல் வுல்ஸ்ரைன் என்ற சிற்றூருக்கு வைத்தியராகப் போனார். அங்கே ஆய்வுகூடம் இல்லை. வீட்டிலே ஒரு மூலை, மனைவி எம்மி வாங்கிக் கொடுத்த நுணுக்குக்காட்டி, சில எலிகள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஆடுமாடுகளை அந்திரக்ஸ் நோய் கொன்றுகொண்டிருந்தது. நோய் கண்ட மந்தை போய்ப் பல காலமான புல்வெளியில் புது மாடுகளை மேய விட்டாலும் அவையும் செத்தன. கொக் அந்தப் பற்றீரியாவை மாட்டுக் கண்ணின் நீரில் வளர்த்துப் பார்த்தார். சூழல் ஒத்துவராதபோது அது வித்தியாக மாறி அடங்கிக் கிடப்பதைக் கண்டார். மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படிக் கிடந்து, மாட்டின் உடலுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். 1876 இல் இதை வெளியிட்டபோது அவருக்கு வயது 32.

பின்னர் பேர்லினுக்கு அழைக்கப்பட்டார். 1882 மார்ச் 24 இல் கசநோய்க் கிருமியை அறிவித்தார். மனிதனைத் தொற்றும் இந்தக் கிருமி மண்ணை நம்பி இருப்பதில்லை. இருமலோடு ஆளிலிருந்து ஆளுக்குப் போகும்.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிருமிகளைத் தனித்தனியாக வளர்க்கக் கொக் பாவித்த ஜெலற்றின், உடல் வெப்பத்தில் உருகிவிடும். உதவியாளர் வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபனி, தான் சமையலில் பாவித்த ஏகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதை அவர் கற்றது ஜாவாவில் வாழ்ந்து வந்த அயலவரிடம். நோன்பு காலத்தில் எங்கள் உம்மாமார் காய்ச்சி, நிறம் போட்டு, துண்டு துண்டாக வெட்டி வைக்கும் கடற்பாசியேதான் அது! இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பற்றீரியா வளர்வது அதன் மேல்தான். கொக் தன் கட்டுரையில் ஏகாரைச் சொன்னார், ஃபனியின் பெயரைச் சொல்லவில்லை. இதில் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு.

1883 இல் எகிப்தில் வாந்திபேதி பரவ, கொக் அலெக்சாந்திரியா சென்றார். அங்கே நோய் தணிந்ததும் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். இறந்தவர்களின் குடலில் வளைந்த பற்றீரியாவைக் கண்டார். (இத்தாலியரான பச்சினி 1854 இலேயே அதைப் பார்த்திருந்தார், உலகம் கவனிக்கவில்லை.) எலிகளுக்கு ஊட்டினார், அவற்றுக்கு நோய் வரவில்லை. அப்படியானால் இந்த நோய்க்கு விருந்துவழங்கி மனிதன்தான். இடையில் அது எங்கே தங்குகிறது? குளிப்பதும் துணி துவைப்பதும் குடிக்க அள்ளுவதும் ஒன்றாக நடந்த ஒரு குளத்து நீரிலேயே கொக் அதைப் பிடித்தார்.

1892 இல் ஹம்பேர்க் நகரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாந்திபேதியால் மாண்டனர். ஒட்டிக் கிடந்த அல்ரோனா ஏறக்குறையத் தப்பியது. இரண்டு ஊரும் குடித்தது எல்பே ஆற்றைத்தான். அல்ரோனாவுக்குக் கிடைத்ததோ ஹம்பேர்க்கின் கழிவும் கலந்து வந்த நீர். ஆனால் அவர்கள் அதை மணலில் வடித்துக் குடித்தார்கள். நோய்க்குறி எதுவுமில்லாத ஆளிடமும் கிருமி இருக்கலாம் என்பதைக் கொக் அந்தக் காலத்தில்தான் எடுத்துச் சொன்னார்.

அவருக்கும் பிழைத்தது. கசநோய்க்கு மருந்தென்று 1890 இல் அறிவித்த ரியூபர்க்குலின் குணப்படுத்தவில்லை. 1901 இல் இலண்டனில், மாட்டின் கசநோய் மனிதருக்குப் பெரிதாகத் தொற்றாது என்றார். காய்ச்சாத பாலால் குழந்தைகளுக்கு அது தொற்றுவதைப் பிறர் நிறுவினார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்தில், பாலைக் காய்ச்சிய பிறகே உறை ஊற்றும் பழக்கத்துக்கு இருக்கும் பெறுமதி இதிலும் விளங்கும். 1905 இல் நோபல் பரிசு. 1910 மே 27 இல் மரணம்.

அவருடைய கேள்வி தொடர்ந்தது. படுவான்கரை வயல்காரர் அஞ்சும் எலிக்காய்ச்சலின் கிருமி, எலியின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீரோடு வயல் நீருக்கு வருவதைப் பின்வந்தவர்கள் கண்டார்கள். வாந்திபேதிக் கிருமிக்குக் கொக் காணாத இன்னொரு வீடும் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் ரீற்றா கொல்வெல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியின் குழு, நோயாளி எவருமில்லாத செசபீக் விரிகுடாவில் அதைக் கண்டது. எங்கள் வாவியைப் போல ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர் அது. அங்கே இறாலுக்கு உறவான மிகச் சிறு உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, மனிதன் இல்லாமலே அது வாழும். அந்தச் சிற்றுயிர்களைத் துணியால் வடிக்கலாமே என்று கொல்வெலும் வங்காளதேச ஆய்வாளர்களும் எண்ணினார்கள். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் அள்ளும்படி மத்லப் பகுதிக் கிராமத்துப் பெண்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். அப்படி வடித்த வீடுகளில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.