நத்தைகளை ஆராய்ந்த மருத்துவர் செவெல்

நெல்வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் கரையேறியதும் கால் அரிக்கிறது. அட்டையும் கடிக்கவில்லை, கொசுவும் கடிக்கவில்லை. காரணம் நத்தை என்றால் பலர் நம்பமாட்டார்கள். நத்தைக்குள் வளரும் ஒட்டுண்ணிப் புழுக்களை இனம் பிரித்துக் காட்டியவர்களுள் முக்கியமானவர் ராபர்ட் பெரெஸ்ஃபோர்ட் சீமோர் செவெல்.

1880-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்த செவெல், 1908-இல் இந்திய மருத்துவச் சேவையில் சேர்ந்தார். பின்னர் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார்.

முதல் உலகப் போர் ஒரு பயத்தைக் கிளப்பியது. சிறுநீரில் இரத்தம் வரச் செய்யும் பில்ஹார்சியா நோய் நத்தை வழியே பரவுகிறது என்பதை 1915-இல் எகிப்தில் லெய்ப்பர் உறுதிப்படுத்தியிருந்தார். அந்தப் பக்கம் போருக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் நோயோடு திரும்பினால் என்ன ஆகும்? ஊர்க்குளத்து நத்தை அந்தப் புழுவுக்கு இடம் கொடுத்துவிட்டால் குளிப்பவர், துவைப்பவர், நாற்று நடுபவர் யாருமே தப்ப முடியாது.

எனவே இந்திய நத்தைகளுக்குள் ஏற்கெனவே என்னென்ன புழுக்கள் உள்ளன என்பது தெரிந்தாக வேண்டும். நத்தையிலிருந்து நீரில் நீந்தி வரும் இளம்புழுவை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். வால் ஒற்றையா, நுனி பிளந்ததா, கண்புள்ளி உண்டா, தொண்டைத் தசை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். இரத்தப் புழுவின் குஞ்சுக்கு வால் பிளந்திருக்கும். தொண்டைத் தசை இருக்காது. வாலை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் தவறிவிடும்.

இந்தப் புழுக்களை விவரித்து 1922-இல் செவெல் வெளியிட்ட பெரிய ஆய்வுதான் ‘செர்காரியே இண்டிகே’. வளர்ந்த புழு எது என்று தெரியாதவற்றுக்கு அவர் அவசரப்பட்டுப் பெயர் சூட்டவில்லை. எண் மட்டும் கொடுத்தார். மற்றதைப் பின்வந்தவர்கள் கண்டுபிடிக்க வழி திறந்தது. பயந்ததுபோல் பில்ஹார்சியா இந்தியாவில் பரவலாக வேரூன்றவும் இல்லை.

1925 முதல் 1933 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்த செவெல், பிறகு அரபிக்கடல் ஆய்வுப் பயணம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். 1964-இல் மறைந்தார்.

மலாயாவில் வயல்சொறிக்குக் காரணம் மாட்டின் இரத்தப் புழுவே என்று 1938-இல் பக்லி எழுதினார். தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள நத்தையில் வளரும் அந்தப் புழு மனிதத் தோலில் நுழைந்து, அங்கேயே மடிகிறது. அரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஜொகூர் தோட்டப்புறங்களில் மாடு வளர்ப்போர், மாடு இறங்கும் குட்டையில் பிள்ளைகளை விளையாட விடாமல் இருப்பது நல்லது.